பதினொரு மணிக்குள் ஒரு கையெழுத்து

ஏங்கிய ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்ற பிறகும் ஒருவர் அதற்காக ஏங்கிக்கொண்டே இருக்க முடியுமா? ராகவி பாஸ்கரனை அறிந்தவர்களுக்கு அவளுடைய வாழ்க்கை எழுப்பும் கேள்வி இது. அவளிடமே கேட்டவர்களும் உண்டு. சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. ஆக்லாந்தின் ஆல்பனிப் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குடிநீர் மாதிரிகளைச் சோதிப்பது வேலை. லின்ஃபீல்டில் பெற்றோருடன் இருக்கிறாள். குளிர்காலச் சனிக்கிழமைகளில் உள்ளூர்க் கழகம் ஒன்றின் இரண்டாம் அணிக்குக் கால்பந்து ஆடுகிறாள். அவளுடைய இடம் லெஃப்ட் பேக். தற்காப்பு வரிசையில் இடது ஓரத்தைப் பார்த்துக்கொள்கிறவள். சிறுவயதில் யாரும் ஆசைப்பட்டுக் கேட்கும் இடமல்ல அது. கோல் போடுகிறவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும்; லெஃப்ட் பேக் தவறு செய்தால்தான் அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் ஒரு மைதானம் இருக்கிறது. அதில் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அதன் காணொளி மட்டும் இன்னும் அவளுடைய ஃபோனில் இருக்கிறது.

ராகவி இடக்கைக்காரியாகப் பிறந்தவள். மூன்று வயதில் இடது கையால் சோற்றைக் குழைத்தபோது தாய் கிருசாந்தி கையைப் பிடித்து மாற்றினார். பிறகு பென்சிலை மாற்றினார். கோயிலில் திருநீறு வாங்க நீட்டிய கையையும் மாற்றினார். ஐந்து வயதுக்குள் எல்லாம் வலதுக்கு வந்துவிட்டன. காலைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. எட்டு வயதில் மழையில் ஊறிய ஒரு மைதானத்தில் அவள் இடது காலால் பந்தை உதைத்தாள். அது ஓரக்கோட்டை ஒட்டியே நாற்பது மீட்டர் போய் நின்றது. இயல்பிலேயே இடது காலால் ஆடுகிறவர்கள் எந்த அணியிலும் குறைவு. அன்றே அவளுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய திறமை என்று சொல்ல முடியாது. வேகம் நடுத்தரம். தலையால் முட்டுவதில் பலவீனம். ஆனால் எதிராளி எங்கே போகப்போகிறாள் என்பதை ஒரு கணம் முன்பே அறிந்து அங்கே நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. அணியின் மேலாளர் எலிசபெத்துக்குத் தெரிந்தது. மலேசியாவிலிருந்து வந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். தோடம்பழம் வெட்டிக்கொண்டு வருவதும், சட்டைகளைத் துவைப்பதும், ஆட்டங்களைப் படம் பிடிப்பதும் அவர்தான். "இந்தப் பொண்ணு ஓடறதே இல்ல, ஆனா எப்பவும் அங்கதான் இருக்கா. எப்படி லா?" என்பார்.

வேதியியலும் அவளுக்கு அப்படித்தான் பிடித்துப்போனது. அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே வரும்போது ஒரே ஒரு துளியில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாக மாறும். அந்தத் துளிக்காக வகுப்பு முடிந்த பிறகும் நின்றுகொண்டிருப்பாள். ஆசிரியர் கதவைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும்வரை.

பதினேழு வயதில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதின. அமெரிக்காவில் கல்லூரிகளே பெரிய கால்பந்து அணிகளை நடத்துகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளையும் எடுத்துப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கின்றன. எலிசபெத் ஆறு நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்து நாற்பது பயிற்சியாளர்களுக்கு அனுப்பினார். பெரும்பாலோர் பதில் எழுதவில்லை. இருவர் மட்டும் கதைக்க விரும்பினார்கள்.

முதலாவது கரோலைனாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். அதன் பெண்கள் அணி ஆடும்போது ஐயாயிரம் பேர் வந்து உட்காருவார்கள். அவர்கள் அனுப்பிய காணொளியில் ஆட்டமே இல்லை. காலை வெயிலில் வெறும் மைதானம். புல்வெட்டும் இயந்திரம் ஒன்று மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது. இடது ஓரக்கோடு புதிதாக வரையப்பட்டு ஈரமாக இருக்கிறது. ராகவி அதைப் பள்ளிக்குப் போகும்போது பார்த்தாள், வரும்போது பார்த்தாள். சான்ட்ரிங்ஹாம் வழியாகப் போகும் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டுப் பார்த்தாள். ஆக்லாந்தில் அவள் ஆடிய மைதானங்கள் எல்லாம் குளிர்காலத்தில் சேறாகிவிடும். அந்தப் புல்லில் பந்து எப்படி உருளும் என்பதைக் காலால் கற்பனை செய்ய முயன்றாள். முடியவில்லை. முடியாததே அவளை இன்னும் இழுத்தது.

இரண்டாவது பென்சில்வேனியாவில் ஒரு சிறிய கல்லூரி. வேதியியலுக்குப் பெயர் பெற்றது, கால்பந்துக்கு அல்ல. மைதானத்தை ஒட்டி ரயில்பாதை. பயிற்சியாளர் திரையில் கதைத்துக்கொண்டிருந்தபோது சரக்கு ரயில் ஒன்று போனது. அது முழுவதும் கடந்து போகும்வரை அந்தப் பெண்மணி பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். பார்வையாளர்களுக்கு மூன்று மரப்படிகள் இருந்தன.

ராகவி இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். வேதியியல் படித்தால் வாரத்தில் இரண்டு பிற்பகல் ஆய்வுக்கூடம் இருக்கும். அந்த நாட்களில் பயிற்சிக்கு என்ன செய்வது?

கரோலைனாப் பயிற்சியாளர் இதற்குப் பழகியவர். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் நேரத்துக்குப் பொருந்துகிற பாடமாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பென்சில்வேனியாப் பயிற்சியாளர், அன்றைக்கு நீ பிந்தி வருவாய், உன்னோடு இன்னும் நான்கு பேர் பிந்தி வருவார்கள் என்றார்.

இதைக் கேட்டால் எந்தப் பெற்றோரும் எந்தக் கல்லூரி என்று உடனே சொல்லிவிடுவார்கள். ராகவியின் மனம் அப்படி வேலை செய்யவில்லை. நியாயமான பதிலைக் கேட்ட பிறகும் அவள் பஸ்ஸில் அந்தப் புல்லைத்தான் பார்த்தாள்.

செப்டம்பரில் கரோலைனாவிலிருந்து பெற்றோருக்கு ஒரு படிவம் வந்தது. உங்கள் மகளைப் பற்றி உங்கள் சொற்களில் எழுதுங்கள் என்று ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

தந்தை பாஸ்கரன் வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் நிலையத்தில் பரிசோதகர். பிரேக், டயர், விளக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்து, கடைசியில் ஒரு கையெழுத்துப் போடுவார். எழுதிக் கொடுத்த வார்த்தைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தொழிலாலும் வந்தது, அதற்கு முன்பும் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு அவர் மூன்று மாலைகளைச் செலவழித்தார்.

"இஞ்சருங்கோ, விளையாட்டுப் பைத்தியம் எண்டு நினைச்சிடப் போகினம். படிக்கிற பிள்ளை எண்டு முதலே எழுதுங்கோ," என்றார் கிருசாந்தி.

"அதைத்தான் எழுதுறன். நீர் கொஞ்சம் பேசாமல் இரும்."

"வயலின் கிரேட் ஃபைவ் எழுதினீங்களோ?"

"எழுதினது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில முதலாம் பரிசு, அதுவும் எழுதினது."

எலிசபெத் வந்திருந்தார். "அண்ணே, அனுப்புறதுக்கு முன்ன எனக்கு ஒரு வாட்டி காட்டுங்க லா."

"பிழை ஒண்டும் இல்லை எலிசபெத். கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிட்டுது."

"கம்ப்யூட்டருக்கு ஃபுட்பால் தெரியுமா?"

"எனக்கு என்ர பிள்ளையைத் தெரியும்," என்றார் பாஸ்கரன். அனுப்பிவிட்டார்.

கடிதத்தில் பிழை இல்லைதான். எங்கள் வீட்டில் படிப்புக்குப் பிறகே விளையாட்டு என்று அவர் எழுதியிருந்தார். பரீட்சைக் காலத்தில் இவளைப் பயிற்சிக்கு அனுப்பமாட்டோம். இவளுடைய படிப்பை உதைபந்தாட்டம் குழப்புவதாகத் தெரிந்தால் அதை உடனே நிறுத்திவிடுவாள். இது தொடர்பாக நீங்கள் எந்தக் கவலையும் கொள்ளத் தேவையில்லை. இதற்கு நான் பொறுப்பு. ஊரில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை அணியில் சேர்ப்பதற்கு முன்பு அதிபர் தகப்பனைக் கூப்பிட்டு இதைத்தான் கேட்பார். இந்த உறுதிமொழியைக் கொடுத்தால்தான் சேர்ப்பார். ஆகவே கேட்கப்படாத அந்தக் கேள்விக்குப் பாஸ்கரன் முழுமையான பதிலைக் கொடுத்திருந்தார். ஒரு தகப்பன் மகளுக்காக எழுதக்கூடிய மிக உயர்ந்த பரிந்துரை அதுவென்று அவர் நம்பினார். அதையே பிரதி எடுத்துப் பென்சில்வேனியாவுக்கும் அனுப்பினார்.

பென்சில்வேனியாவிலிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது. இப்படியொரு கடிதம் எங்களுக்கு வந்ததில்லை, உங்கள் மகளுக்கு இங்கே இடம் உண்டு என்று. கரோலைனா மூன்று வாரம் மௌனமாக இருந்தது.

அக்டோபரில் ஒரு காலை, பள்ளிக்குப் புறப்படும் முன், அந்தப் பயிற்சியாளரே அழைத்தார். ராகவி காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி கேட்டாள். உன் ஆட்டம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தொடங்கினார். பிறகு கொஞ்சம் தயங்கி, உன் தந்தையின் கடிதம்தான் எங்களை யோசிக்க வைத்தது என்றார். இந்த அணிக்கு வருகிறவர்களுக்கு ஆட்டம் முதலில் வர வேண்டும். உனக்கு அப்படியில்லை என்றால் அதில் தவறில்லை. ஆனால் உன்னிடமிருந்து, உன் சொற்களில், எனக்குத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமைவரை இடத்தை வைத்திருக்கிறேன்.

உள்ளே சமையலறையில் பாஸ்கரன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். "ஆர் பிள்ளை?"

"நோபடி, அப்பா."

அவள் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அன்றே, பஸ் சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடைகளுக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்ற நேரத்தில், ஃபோனில் நான்கு வரி எழுதினாள். கால்பந்துதான் எனக்கு முதல். அந்தக் கடிதம் என் தந்தையுடையது, என்னுடையதல்ல. ஆய்வுக்கூடம் இல்லாத பாடத்தை நான் எடுத்துக்கொள்வேன். எனக்கு உங்கள் மைதானத்தில் ஆட வேண்டும். பச்சை விளக்கு விழுவதற்கு முன் அனுப்பிவிட்டாள். பொய் எதுவும் எழுதவில்லை என்று பின்னாளில் எலிசபெத்திடம் சொன்னாள். அந்த மின்னஞ்சலைப் பற்றி அவள் சொன்ன ஒரே வாக்கியம் அது.

மறுநாள் இடம் கிடைத்துவிட்டது. படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. நவம்பரில் ஒரு குறித்த நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்கரனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. மூன்று வார மௌனத்தை அவர் தன் கடிதத்தைக் கவனமாகப் படிக்க எடுத்துக்கொண்ட காலம் என்று புரிந்துகொண்டார். சந்தோஷம் அவரை வாயாடியாக்கியது. காரைப் பரிசோதனைக்குக் கொண்டு வந்தவர்களிடம் சொன்னார். கோயிலில் சொன்னார். மளிகைக் கடையில் புளி வாங்க வந்த நரேந்திரனிடம் சொன்னார். நரேந்திரனின் மகள் நீச்சலில் கெட்டிக்காரி.

"ரெண்டு யூனிவர்சிட்டியும் என்ர கடிதத்தைப் பார்த்துத்தான் எடுத்தவை," என்றார் பாஸ்கரன்.

"அண்ணை, எங்கட பிள்ளைக்கும் ஒண்டு எழுதித் தாங்கோவன்."

"ஏன் தராமல்? வாற கிழமை வீட்ட வாரும். மார்க்ஸ் எல்லாம் கொண்டு வாரும்."

ராகவி பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அடுத்த வாரம் நரேந்திரன் வந்தார். பாஸ்கரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். 'இதற்கு நான் பொறுப்பு' என்ற வரியை அப்பா சத்தமாக வாசித்துக் காட்டியபோது அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கையெழுத்திடுவதை ஒரு விழாவாக்கியது பாஸ்கரன்தான். அமெரிக்காவில் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எங்கோ பார்த்திருந்தார். கடைசி நேரம் கரோலைனாவில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியாக இருந்தாலும் பயிற்சியாளர் நான்கு மணியளவில் எதிர்பார்ப்பதாக எழுதியிருந்தார். ஆக்லாந்தில் அது சனிக்கிழமை காலை பத்து. ஐந்து என்றால் பதினொன்று. வடை, கேசரி, கேக் எல்லாம் ஏற்பாடாயின. இருபது பேர் வந்தார்கள். ஒன்பது மணிக்குத்தான் கிருசாந்திக்கு நினைவு வந்தது.

"இஞ்சருங்கோ, இண்டைக்குச் சனிக்கிழமை. ராகுகாலம்!"

"சனிக்கிழமை ஒன்பதிலயிருந்து பத்தரை. பத்தரைக்குப் பிறகு சைன் பண்ணட்டும். இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும்."

"அது சுவர்க் காலண்டர். இஞ்ச சூரியன் உதிக்கிற நேரத்துக்குப் பார்க்க வேணும்." கிருசாந்தி ஃபோனை நீட்டினார். "பாருங்கோ. ஒன்பதரையிலயிருந்து பதினொண்டு இருபது."

பதினொன்றுக்கு இடம் போய்விடும்.

"இப்பவே போட்டா என்ன? ஒன்பதரை ஆகலையே," என்றார் எலிசபெத்.

"பிள்ளைக்கு இன்னும் தலை காயேல்லை," என்றார் கிருசாந்தி.

பாஸ்கரன்தான் வழி கண்டுபிடித்தார். "அவள் சைன் பண்ணுறது எங்க? அமெரிக்காவில. அங்க இப்ப வெள்ளிக்கிழமை பின்னேரம். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பகலிலேயே முடிஞ்சுது. பிறகென்ன?"

"பிள்ளை இருக்கிறது லின்ஃபீல்டில அல்லோ?"

"பேப்பர் கரோலைனாவில. ராகு பேப்பரைத்தான் பார்ப்பார்."

"எங்க சர்ச்சுல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல லா," என்றார் எலிசபெத். எல்லோரும் சிரித்தார்கள். கிருசாந்தி சிரிக்கவில்லை, ஆனால் குத்துவிளக்கில் எண்ணெய் விடப் போனார். சம்மதம் என்று அர்த்தம்.

பத்தேகாலுக்கு ராகவி மேசைக்கு வந்தாள். பச்சை நிறச் சுடிதார், இன்னும் ஈரமான கூந்தல். மடிக்கணினியில் இரண்டு கல்லூரிகளின் படிவங்களும் திறந்திருந்தன. பென்சில்வேனியாவுக்கு மறுப்பு எழுத வேண்டியிருந்ததால் அதையும் திறந்து வைத்திருக்கிறாள் என்று பாஸ்கரன் நினைத்தார். அவர் அவளுக்குப் பின்னால் நின்றார். கல்லூரியின் பெயரை அவரே சத்தமாக வாசிப்பதாக முதலே சொல்லி வைத்திருந்தார். நரேந்திரன் ஃபோனில் படம் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் கிட்டப் போங்கோ. கடிதம் எழுதினவர் படத்தில வேணும்."

பாஸ்கரன் நெருங்கி வந்து மகளின் தோளில் கை வைத்தார். ராகவி திரையைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்தாள். கரோலைனாவின் படிவத்தில் மேலே அந்த மைதானத்தின் சிறிய படம் ஒன்று இருந்தது. அவள் சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள். அழுத்தவில்லை. 'இதற்கு நான் பொறுப்பு' என்று எழுதிய கை இன்னும் அவள் தோளில் இருந்தது. அவளுடைய முகத்தில் அப்போது இருந்தது தயக்கம் அல்ல என்று எலிசபெத் சொல்வார். பேருந்து புறப்பட்ட பிறகு ஜன்னலில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு வரும் முகம் என்பார்.

பிறகு அவள் மற்றப் படிவத்துக்குப் போய்த் தன் பெயரைத் தட்டினாள். அனுப்பினாள்.

பாஸ்கரன் குனிந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வாசிக்கத் தொடங்கினார். கல்லூரியின் பெயர் வரும் இடத்தில் குரல் நின்றது. அவர் அதை ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, பென்சில்வேனியாக் கல்லூரியின் பெயரை முழுவதுமாக, உரத்து, பிழையில்லாமல் வாசித்தார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எலிசபெத் முதலில் கை தட்டினார்.

"என்ன பிள்ளை, மாத்திப் போட்டியே?" கிருசாந்தி கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார். "ராகுகாலம் எண்டு அப்பவே சொன்னனான்."

"இட்ஸ் ஓகே, அம்மா."

"அந்தப் பெரிய இடம் வேண்டாமோ? நீ எவ்வளவு..."

"வேணும்," என்றாள் ராகவி. அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள்.

பதினொன்றுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அடுத்த அறையில் வடைத் தட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் மேசையிலேயே இருந்து கரோலைனாப் பயிற்சியாளருக்கு எழுதினாள். நன்றி சொன்னாள். என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதினாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் விரல்களை வைத்திருந்தாள். பிறகு அதை எழுதாமலே அனுப்பிவிட்டு எழுந்து, நரேந்திரனுக்குக் கேசரி எடுத்துக் கொடுக்கப் போனாள்.